குழந்தை நீராட்டு

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கடலை அடுத்து அமைந்த பேரூர் மரக்காணம். சங்க காலத்து நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். இங்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளில் பாய்ச்சிய உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு வெண்மணியாய் விளைகின்றது. அதனை வாரிச் சுமந்து கரையேற்றும் பணியில் பெண்டிர் பலர் ஈடுபடுகின்றனர். தாய் அளத்திற்குச் சென்றபின் கைக்குழந்தையைப் பேணும் பொறுப்பு, பாட்டியையோ மூத்த பிள்ளைகளையோ சாரும். ஆதலின், குழந்தையை நீராட்டும் முறையை இளையோரும் அறிந்திருத்தல் நன்று.

உவர்நிலத்தில் நன்னீர் அரிது. அதன் பொருட்டுக் கழிநீரையோ உவர்க்கிணற்று நீரையோ குழந்தைக்கு ஊற்றுதல் தகாது. உப்புப் படிந்த தோல் ஈரம் இழந்து வறளும், அரிப்பும் உண்டாகும். குழந்தையின் தோலோ மிக மெல்லியது. நன்னீர் குறைவாயின், தூய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றைத் துடைத்தாலே போதும். நாள்தோறும் முழு நீராட்டு வேண்டுவதில்லை.

பிறந்தவுடன் குழந்தையை நீராட்டுதல் கூடாது. குழந்தையின் எடை சிறிது. அதனை நோக்க உடற்பரப்போ பெரிது. ஈரம் உலரும்போது அவ்வுடலின் வெப்பம் விரைந்து குறைந்துவிடும். ஆகவே, பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின்னரே முதல் நீராட்டு நிகழவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. கொப்பூழ்க்கொடி உதிரும்வரை அவ்விடத்தை ஈரமின்றி வைத்தல் வேண்டும்.

பாட்டி கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தடவி நீராட்டுவது நம் நாட்டு வழக்கம். மென்மையாக எண்ணெய் தடவுதலில் குறையில்லை. ஆனால், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதலும், மூக்கினுள் வாயால் ஊதுதலும் தீங்கு பயப்பன. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலை அடைந்தால் கொடிய சளிக்காய்ச்சல் தோன்றக்கூடும். சாம்பிராணிப் புகையும் குழந்தையின் மூச்சுக்கு ஏற்றதன்று. நல்ல வழக்கத்தைப் போற்றித் தீயதை விலக்குதலே அறிவுடைமை.

நீராட்டும் இடம் கடற்காற்றுப் படாததாய் இருத்தல் வேண்டும். துண்டும் மாற்றுடையும் முன்னரே அருகில் இருக்கவேண்டும். பாத்திரத்தில் முதலில் தண்ணீரை ஊற்றிப் பின்னரே வெந்நீரைக் கலத்தல் வேண்டும். கலந்த நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அஃது உடல் வெப்பத்தை ஒத்து, ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் இருத்தல் நலம். ஒரு கை எப்போதும் குழந்தையின் தலையையும் கழுத்தையும் தாங்கி நிற்கட்டும். நீராட்டி முடிந்ததும் உடலை ஒற்றித் துடைத்து, உடனே துணியால் போர்த்துதல் வேண்டும்.

யாரேனும் அழைத்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், குழந்தையை நீரருகே தனியே விட்டு எழுதல் ஆகாது. விரல் ஆழ நீரும் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கவல்லது; அது நிகழச் சில நொடிகளே போதும்; குரலும் எழாது. தவழும் குழந்தை வாளியில் தலைகுப்புற வீழ்ந்தால் தானே எழ இயலாது. எனவே, வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்தலும், தொட்டியை மூடி வைத்தலும் இன்றியமையாதன. நடக்கக் கற்ற குழந்தைகளை அளத்து வாய்க்காலுக்கும் கழிக்கும் கடலுக்கும் தனியே விடலாகாது.

நீராட்டு, கடமை மட்டுமன்று, இன்பமும் ஆகும். பேசியும் பாடியும் மெல்ல நீர் வார்த்தால் குழந்தை அச்சம் நீங்கிக் கைகால் உதைத்துச் சிரிக்கும். உமணர் வீட்டுச் சிறுவர் கிலுகிலுப்பை ஆடி மகிழ்ந்ததைச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. அத்தகைய மகிழ்ச்சி இன்றும் உப்பளத்துக் குடில்தோறும் ஒலித்தல் வேண்டும். அதற்குத் தேவையானவை பெருஞ்செல்வமல்ல. ஒரு குடம் நன்னீரும், விழிப்புள்ள இரு கண்களும், அன்புள்ள இரு கைகளுமே ஆகும்.