எண்ணிக்கை சரி, ரத்தம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மகளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிகிறது. தட்டணு 2.5 லட்சம் இருக்கிறது. கோவை மருத்துவர் ‘ஃப்ளோ சைட்டோமெட்ரி’ செய்யச் சொல்கிறாரே, எதற்கு?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: எண்ணிக்கை மட்டும் போதாது சகோதரி, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ரத்தம் நிற்கும். அதற்கு அவற்றின் மேற்பரப்பில் சிடி41, சிடி61 புரதங்கள் வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில், இந்தப் புரதங்களில் ஒட்டும், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ரத்தத்தில் கலந்து, தட்டணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிடுவார்கள். புரதம் இருந்தால் ஒளிரும். மிகவும் மங்கினால், 1918-இல் சுவிஸ் மருத்துவர் கிளான்ஸ்மன் விவரித்த பரம்பரை நோயாக இருக்கலாம். சிடி42பி என்ற இன்னொரு புரதம் குறைந்தால் பெர்னார்ட்-சூலியர் நோய். சில வகைகளில் புரதம் இருந்தும் வேலை செய்யாது. எனவே தட்டணுத் திரட்டல் பரிசோதனையும் தேவை.

மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இந்நோய்களுக்கு வாய்ப்பு அதிகம். உங்கள் குடும்பத்தில் அப்படியென்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த மாதிரியை ஃப்ரிட்ஜில் வைக்காமல் உடனே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கொடுக்கவே வேண்டாம்.