இயற்கைக் கரும்பும் வெல்லக் கொப்பரையும்

பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் முதலிய காவேரிக்கரைக் கிராமங்களில் வெல்லம் காய்ச்சுதல் நெடுநாளைய தொழிலாகும். இரசாயன உரமின்றிக் கரும்பு பயிரிடும் குடியானவர் சிலர், வயல் சுத்தமாயிருந்தாற் போதுமென்றெண்ணுகின்றனர். அது சரியன்று.

2006-ஆம் வருஷத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அதன் 18-ஆம் பிரிவின்படி, வயலில் நடக்கும் சாகுபடியைத் தன் அதிகாரத்திற்குட்படுத்தவில்லை. ஆயின் இயற்கை விளைபொருள் என்று பெயரிட்டு விற்கும் பண்டத்திற்கு 2017-ஆம் வருஷத்திய விதிகள், தேசீய இயற்கை உற்பத்தித் திட்டம் அல்லது பி.ஜி.எஸ். இந்தியாவின் அத்தாட்சியைக் கேட்கின்றன. உண்பவருக்கு நேரே விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்குண்டு. அவ்விலக்கு கரும்புக்குச் செல்லும், பக்குவம் செய்த வெல்லத்திற்குச் செல்லாது. கிராம உத்தியோகஸ்தர் இவ்வேறுபாட்டைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம்.

கெடுதி பெரும்பாலும் கொப்பரையிலேயே நேருகிறது. வெளுத்த வெல்லத்திற்கு விலை அதிகமாதலால், பாகில் ஹைட்ரோஸ் என்னும் வெளுப்பு மருந்தைத் தூவுகின்றனர். கந்தகம் வெல்லத்தில் தங்கிவிடுகிறது. ஒரு பிடி மருந்தில் ஒரு வருஷத்துப் பாடு வீணாகும். சுண்ணாம்புத் தெளிவும், வெண்டைத் தண்டை நசுக்கியெடுத்த வழவழப்பான சாறுமே அழுக்கைப் பிரிக்கப் போதுமானவை. நிறம் சற்றுக் கறுக்கும். வியாபாரியும் விலையைக் குறைப்பார். சட்டம் ஒன்றைக் கேட்க, சந்தை வேறொன்றைக் கேட்பது குடியானவருக்குச் சங்கடமே.

வாடகை ஆலையில் காய்ச்சுவோர், முந்தினவரின் பாகு ஒட்டிய கொப்பரையையும் அச்சுக்களையும் நன்கு கழுவியபின் தொடங்கி, தேதி, கரும்பின் எடை, வெல்லத்தின் எடை ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் வேண்டும்.