தலையாட்டும் கான்ஸ்டபிள்

பொட்டிப்புரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. விடுதியில் உன் பர்ஸ் தொலைந்ததையும், பக்கத்துக் கட்டில் பையன்தான் எடுத்தான் என்று நீ கண்டுபிடித்ததையும் படித்தேன். அன்றைக்கு அவன் சீக்கிரம் எழுந்தான், உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, மறுநாள் புதுச் செருப்பு வாங்கினான். கோர்வையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனிடம் வாயைவிடுவதற்கு முன்னால் ‘அபூர்வ சகோதரர்கள்’ பார்த்துவிடு.

நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1989 சித்திரை வருடப்பிறப்புக்கு வந்த படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், இசை நம்ம பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. கமல் எப்படிக் குள்ள அப்புவாக நடித்தார் என்றுதான் ஊரே பேசும். நீ இன்ஸ்பெக்டர் ஜனகராஜையும், அவரை ஒட்டியே நிற்கும் கான்ஸ்டபிள் ஆர்.எஸ். சிவாஜியையும் கவனி.

கொலையாளி அப்புதான் என்பது நமக்குத் தெரியும். ஒன்றைத் தட்டினால் இன்னொன்று உருளும்படி அவன் பொறி பூட்டுவதையே பார்த்துவிடுகிறோம். அதனால் ‘யார் செய்தது’ என்ற பதைப்பு நமக்கில்லை. ஒரு மனிதர் இவ்வளவு நம்பிக்கையோடு எப்படித் தப்பான இடத்துக்குப் போய்ச் சேருகிறார் என்று வேடிக்கை பார்க்கிறோம். துப்பறியும் கதையைக் கேலி செய்வதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் யோசிக்கத் தெரியாதவர் இல்லை; ஷெர்லாக் ஹோம்ஸ் மாதிரியே ஊகத்தின்மேல் ஊகம் அடுக்குகிறார். ஒவ்வோர் அடுக்குக்கும் கான்ஸ்டபிள் மெய்ம்மறந்து உருகுகிறார். “எங்கேயோ போயிட்டீங்க” என்று இன்றைக்கும் நாம் கிண்டலடிப்பது அவர் புண்ணியம். ஹோம்ஸின் தோழர் வாட்சன் வியந்தால் துப்பு துலங்கும். இவர் வியக்க வியக்க வழக்கு கெடுகிறது. அப்புவோடு முகம் ஒன்றாக இருந்த பாவத்துக்கு அவனுடைய இரட்டைச் சகோதரன் மெக்கானிக் ராஜா மாட்டிக்கொள்கிறான். தடயம் உண்மை, முடிவுதான் பொய்.

நம்ம ஊரில் அமைப்பதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு நம்ம ஊர்ப் பேச்சிலும் இதே கூத்தைப் பார்த்தேன். தண்ணீர் என்னாகும், மேய்ச்சல் என்னாகும் என்று கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். வேறு சிலர் முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தடயம் தேடினார்கள். ஆதரித்தவர்களிலும் அப்படி உண்டு, எதிர்த்தவர்களிலும் உண்டு. ஆளுக்கொரு கான்ஸ்டபிள் பக்கத்தில் இருந்து தலையாட்டினார்.

உன் கான்ஸ்டபிள் யார்? நீ சொன்னதும் “சூப்பர்டா, அவனேதான்” என்ற சேக்காளிதானே? பையன் நல்லவனாக இருப்பான். ஆனால் இந்த வேலைக்கு ஆகமாட்டான். ‘செருப்புக்கு வீட்டிலிருந்து பணம் வந்திருக்காதா?’ என்று குறுக்கே கேட்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவன் கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லாதவரை யார் பெயரையும் வெளியில் சொல்லாதே. வார்டனிடம் பர்ஸ் காணோம் என்று மட்டும் சொல்.

இந்தக் கடிதத்துக்கும் ஆமாம் போட்டுவிடாதே. படத்தைப் பார்த்துவிட்டு, மாமா எங்கே சறுக்கினேன் என்று எழுது.

அன்புடன்,
மாமா