கசிந்த கடவுச்சொல் இன்றும் திறக்கிறதா?

அன்புள்ள கயல்,

உங்கள் நிறுவனத்தின் கடவுச்சொற்களில் எத்தனை வெளியே கசிந்திருக்கின்றன என்று கணக்கெடுக்கும் வேலையை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். எண்ணிக்கையோடு மட்டும் நின்றுவிடாதே, அம்மா. கசிந்தவற்றில் எவை இன்றும் செல்லும் என்று பார்.

2024இல் ஸ்னோஃப்ளேக் என்ற அமெரிக்க கிளவுட் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நடந்ததைப் படி. நிகழ்ச்சி டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டரின் தரவு போனது அதில்தான். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று எச்சரிக்கப்பட்டவை சுமார் 165 நிறுவனங்கள். விசாரித்த மாண்டியன்ட் குழுவுக்கு ஸ்னோஃப்ளேக்கின் கட்டமைப்பு உடைபட்டதற்கான தடயம் கிடைக்கவில்லை. திருடர்கள் வாடிக்கையாளர்களின் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தே உள்ளே போயிருந்தார்கள். வைடார், ரெட்லைன், லும்மா போன்ற மால்வேர்கள் முன்பே வாரிக்கொண்டுபோன கடவுச்சொற்கள் அவை. சில 2020 நவம்பரிலேயே திருடுபோனவை. அத்தனை காலமும் யாரும் மாற்றவில்லை. அந்தக் கணக்குகளில் இரட்டைச் சரிபார்ப்பும் இல்லை. இன்னொன்றையும் கவனி: சில திருட்டுகள் ஒப்பந்த ஊழியர்களின் மடிக்கணினிகளில் நடந்தவை. அவர்கள் அதே கணினியில் கேம் விளையாடினார்கள், திருட்டு மென்பொருளை இறக்கினார்கள். ஆகவே சம்பளப் பட்டியலில் இருப்பவர்களோடு உன் கணக்கு முடியாது.

ஓர் இணையதளம் உடைபட்டுக் கசிவது ஒரு வகை. அதில் பெரும்பாலும் ஹாஷ் செய்த, அதாவது நேரடியாகப் படிக்க முடியாதபடி உருமாற்றிய கடவுச்சொல்தான் போகும். மால்வேர் திருடுவது அதைவிட மோசம். பிரவுசரில் சேமித்த எல்லாக் கடவுச்சொல்லும் அப்படியே போகும், கூடவே குக்கீகளும். உயிரோடிருக்கும் குக்கீ கையிலிருந்தால் திருடனிடம் பல தளங்கள் ஓடிபிகூடக் கேட்காது. அதனால் வரிசை முக்கியம். முதலில் மால்வேர் புகுந்த கணினியை வலையிலிருந்து பிரித்து முழுவதும் அழித்து மீண்டும் நிறுவச் சொல். சுத்தமான வேறொரு கணினியிலிருந்து எல்லா லாகின்களையும் துண்டித்து, கடவுச்சொல்லை மாற்றச் சொல். பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புதியதும் திருடனிடம் போய்ச் சேரும்.

ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில், உங்கள் டொமைன் உங்களுடையதுதான் என்று நிரூபித்துவிட்டு, அதன் முகவரிகள் எந்தெந்தக் கசிவுகளில் இருக்கின்றன என்று பார்க்கலாம். அங்கே கிடைக்கும் தேதியை நிதானித்துப் படி. கசிவுத் தொகுப்பு வெளியான நாள் வேறு, கணினியில் திருடுபோன நாள் வேறு; பழைய சரக்கைப் புதிது என்று விற்பவர்கள் ஏராளம். திருடுபோன நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல் மாறியிருக்கிறதா என்று உங்கள் பயனர் கோப்பகத்தில் ஒப்பிடு. மாறவில்லையென்றால் அது இன்றும் திறக்கும் என்றே கொள். இதற்காக யாருடைய சொந்தக் கணக்கிலும் நுழைந்து பார்க்காதே; அது சட்டப்படியும் தப்பு, முறைப்படியும் தப்பு.

அறிக்கையில் இன்றும் திறக்கும் கணக்குகளை முதல் பக்கத்தில் வை. அவற்றிலும் இரட்டைச் சரிபார்ப்பு இல்லாதவை எல்லாவற்றுக்கும் மேலே வரட்டும். பட்டியலில் பெயர் வந்த ஊழியரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க மட்டும் விட்டுவிடாதே. அவமானப்பட்டவர் அடுத்த முறை கணினியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தாலும் உன்னிடம் வந்து சொல்லமாட்டார். அவர் சொன்னால்தான் உன்னால் நேரத்தோடு தடுக்க முடியும்.

அன்புடன்,
மாமா