உயர்நிலைச் செவிலியர்: பணியும் பொறுப்பும்

செவிலியர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? வெள்ளுடை, ஊசி, வெப்பமானி, மருத்துவரின் பின்னால் குறிப்பேட்டுடன் நடந்து செல்லும் ஒரு பெண். வகுப்புத் தோழர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாரும் இதையேதான் கூறினர். நான்காண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

என் தமக்கையார் தில்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். அப்பாவின் வேலை மாற்றத்தால் நாங்கள் தஞ்சையிலிருந்து இங்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அக்கா அப்போது பள்ளியிறுதி வகுப்பு. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, சில ஆண்டுகள் பணியும் பார்த்த பின், மீண்டும் இரண்டாண்டுப் படிப்பு ஒன்றில் சேரப் போவதாக அவர் சொன்னபோது, அம்மா கேட்ட முதற் கேள்வி, "அதப் படிச்சா டாக்டர் ஆயிடுவியா?" என்பது.

"இல்லம்மா, நர்சாத்தான் இருப்பேன்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு வருசம்?"

அக்கா சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அம்மாவின் கேள்வி அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடத் தக்கதன்று. அதற்கு விடை தேடிப் படித்ததையும், அக்காவிடம் கேட்டறிந்ததையுமே இங்கு எழுதுகிறேன்.

அக்கா படித்தது 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் முதுநிலைப் படிப்பு. இதற்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் இல்லை. இக்கட்டுரைக்காக 'உயர்நிலைச் செவிலியர்' என்று வைத்துக் கொள்கிறேன். நல்ல பெயர் தோன்றுவோர் எழுதியனுப்பலாம். உலகச் செவிலியர் பேரவை 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இவர்கள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவர் ஒரு துறையில் ஆழ்ந்த புலமை பெற்று, சிக்கலான நோயாளிகளைக் கவனிப்பதோடு, அத்துறையின் செவிலியப் பணி முழுவதையும் உயர்த்தப் பாடுபடுபவர். மற்றவர், நோயாளியைத் தாமே சோதித்து, நோயை இனங்கண்டு, சோதனைகளுக்கு எழுதிக் கொடுத்து, சட்டம் இடம் தரும் அளவில் மருந்தும் எழுதுபவர். இரண்டுக்கும் முதுகலைப் பட்டமே குறைந்த தகுதி என்கிறது அந்நூல்.

இந்த இரண்டாம் வகை தோன்றியது அமெரிக்காவில், 1965-இல். கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து இப்பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் எட்டாத இடங்களில் வாழும் குழந்தைகளுக்கு யார் பார்ப்பது என்பதே அன்று அவர்கள் முன் நின்ற கேள்வி. இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய செவிலியர் மருந்து எழுதுகின்றனர். எனினும் மருத்துவரோடு உடன்படிக்கை ஏதுமின்றித் தனித்து இயங்கும் உரிமை எல்லா மாநிலங்களிலும் இல்லை.

இனி அக்காவின் படிப்புக்கு வருவோம். இந்தியச் செவிலியர் குழுமமும் மத்திய சுகாதார அமைச்சகமும் 2016-17-இல் தொடங்கிய படிப்பு அது. தீவிர சிகிச்சைக்கானது. பி.எஸ்சி. நர்சிங் பட்டமும் பணி அனுபவமும் உடையவரே சேரலாம். இரண்டாண்டுக் காலத்தில் வகுப்பறையில் இருப்பது குறைவு. பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகேதான் கழிகிறது. உயர்நிலை மருந்தியல், நோய்க்கூற்றியல், உடற்சோதனை ஆகியவை முக்கியப் பாடங்கள்.

நான் வேதியியல் மாணவன். இரத்தத்தின் அமில-காரச் சமநிலை எங்கள் பாடத்திலும் உண்டு. ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டை எத்தனையோ முறை தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆகவே ஒரு காலை, இரவுப் பணி முடிந்து வந்த அக்கா, தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்து மூன்று எண்களைச் சொன்னபோது நான் கொஞ்சம் செருக்குடனேயே காகிதத்தை எடுத்தேன். பி.எச். 7.26. கரியமில வாயுவின் அழுத்தம் 60. பைகார்பனேட் 26.

இயல்பு நிலையில் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, கரியமில வாயு 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை, பைகார்பனேட் 22 முதல் 26 வரை. எனவே இரத்தம் அமிலமாகியிருக்கிறது. காரணம் கரியமில வாயுவின் தேக்கம். சிறுநீரகம் பைகார்பனேட்டை உயர்த்தி ஈடு செய்யச் சில நாட்கள் பிடிக்கும். இங்கோ அது இன்னும் உயரவில்லை. ஆகவே இது பழைய தொல்லையன்று, புதிதாக நேர்ந்தது. இவ்வளவையும் நான் பென்சிலால் கணக்கிட்டுச் சொல்ல ஐந்து நிமிடமாயிற்று. அக்கா இரவு இரண்டு மணிக்கு, நின்றபடியே, காகிதமின்றிக் கண்டறிந்தது இது.

"அப்படியானா வென்டிலேட்டர்ல மூச்சோட எண்ணிக்கையைக் கூட்டினாப் போதுமே? வாயு வெளியே போயிடும்" என்றேன்.

"டேய், அங்கதான் உன் சமன்பாடு ஆளைக் கொல்லும்" என்றார் அக்கா.

நோயாளி ஆஸ்துமாக்காரர். மூச்சுக்குழல்கள் சுருங்கியிருப்பதால் உள்ளே போன காற்று வெளியேற நெடுநேரம் வேண்டும். மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் நேரம் குறைகிறது. பழைய காற்று வெளியேறுமுன் புதிய காற்று வந்து புகுகிறது. நுரையீரல் பந்துபோல் உப்பிக்கொண்டே போய், இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. வென்டிலேட்டரின் திரையில் இதற்கு அடையாளம் உண்டு: வெளிமூச்சைக் காட்டும் கோடு சுழியைத் தொடாமலே அடுத்த மூச்சு தொடங்கிவிடும். அக்கா அதைக் கண்டார். இரத்த அழுத்தம் இறங்குவதையும் கண்டார். குழாய் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, நெஞ்சறையில் காற்றுப் புகுந்திருக்கிறதா, கருவியிலேயே கோளாறா என்று நான்கையும் வரிசையாகப் பார்த்து முடித்தார். செய்ய வேண்டியது தெளிவாயிருந்தது: எண்ணிக்கையைக் கூட்டுவதன்று, குறைப்பது. கரியமில வாயு சிறிது உயர்ந்தாலும் அப்போதைக்குப் பொறுத்துக் கொள்வது.

"குறைச்சியா?"

"டாக்டருக்குப் போன் பண்ணினேன்."

மருத்துவர் வேறொரு தளத்தில் இன்னொரு உயிரோடு போராடிக் கொண்டிருந்தார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தொடர்பு கிடைக்க இருபது நிமிடம். கேட்டதும் அவர், "சரிதான், குறைத்துவிடுங்கள், வந்து கையெழுத்திடுகிறேன்" என்றாராம். நோயாளி பிழைத்தார். ஆனால் அந்த இருபது நிமிடமும் விடை தெரிந்த ஒருவர் கருவியின் அருகில், கையைக் கட்டிக் கொண்டு நின்றிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

இதில் விந்தை என்னவென்றால், இந்த இக்கட்டைப் பாடத்திட்டம் வகுத்தவர்கள் முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். இத்தகைய செவிலியர், மருத்துவமனை எழுத்தில் வகுத்துத் தந்த நிலையாணைகளின்படி சோதனைகளுக்குப் பணிக்கலாம், குறிப்பிட்ட மருந்துகளைக் கொடுக்கலாம், தீவிர சிகிச்சை மருத்துவருடன் கூட்டாகப் பொறுப்பேற்கலாம் என்பதே அத்திட்டத்தின் கருத்து. அதாவது இன்ன நிலையில் இன்ன அளவுவரை செவிலியரே செய்யலாம், அதற்குமேல் மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற வரம்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அக்கா படித்துத் திரும்பிய மருத்துவமனையில் அத்தகைய ஆணை எதுவும் இல்லை. பதவியும் இல்லை. இரண்டாண்டுக்குப் பின் அதே பெயர்ப்பட்டை, அதே சம்பளம், அதே பணி முறைப்பட்டியல்.

மற்ற இரு பாதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மகப்பேற்றுக்கென 18 மாதப் பயிற்சி பெற்ற உயர்நிலைச் செவிலியர் உருவாக்கப்படுகின்றனர். சிக்கலற்ற பேறுகளை அவர்களே நடத்துவது நோக்கம். அதே ஆண்டு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், ஏறத்தாழ 5,000 மக்களுக்கான துணை நிலையங்களில் சமுதாய நல அலுவலர்களாகப் பணியாற்றுவோரில் மிகப் பலர் செவிலியரே. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைக் கண்டறிவதும், மருந்து தொடர்கிறதா என்று கவனிப்பதும் அவர்கள் வேலை. அவர்களது ஆறு மாதப் பயிற்சியை முதுகலைப் படிப்போடு ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று கவனிக்கத் தக்கது: அங்கே பயிற்சியோடு அதற்கேற்ற பதவியும் உண்டாக்கப்பட்டது. அக்காவின் வழியில் பயிற்சி வந்தது, பதவி வரவில்லை.

சட்டமும் தடுமாறுகிறது. 1947-இன் செவிலியர் குழுமச் சட்டத்திற்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. மருந்து விதிகளோ 1945-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. பட்டியலிட்ட மருந்துகளை விற்கப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டையே அவை கேட்கின்றன.

மருத்துவ நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றி வாதிட்டேன். "தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். நியாயமான கேள்வி. 2018-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று, மருத்துவர் இடத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் பணியாற்றிய 18 சோதனைகளை ஒப்பிட்டு, நோயாளிகளின் நிலை இரு தரப்பிலும் பெரும்பாலும் ஒத்தது அல்லது செவிலியரிடம் சற்று மேலானது என்று கண்டது. அதை அவரிடம் காட்டினேன். ஆனால் அறிவியல் மாணவன் என்ற முறையில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு: அவை முதல்நிலை மருத்துவத்தைப் பற்றியவை, பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. தில்லியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவற்றை அப்படியே தூக்கிவைக்க முடியாது. எனவே நண்பருக்கு நான் அளித்த விடை வேறு: இன்று யார் பதில் சொல்கிறார்? தொலைபேசியில் கேட்டு, பிறகு வந்து கையெழுத்திடும் முறையில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று எவராலும் கூற முடியாது. வரம்பை எழுதி வைத்தால் செவிலியர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும், மருத்துவர் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்துவிடும். அவர் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை; மறுக்கவுமில்லை.

அக்காவுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. அப்பா போகச் சொல்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அக்காவோ விடுமுறை நாட்களில் மேசையில் உட்கார்ந்து ஒரு நிலையாணை வரைவை எழுதிக் கொண்டிருக்கிறார்: வென்டிலேட்டரில் உள்ள ஆஸ்துமா நோயாளிக்கு, எந்த அடையாளம் கண்டால், மூச்சின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கலாம், எப்போது உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்று. பி.எச். பற்றிய பத்தியை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். ஓர் எண்ணைத் திருத்தினேன். அவர் அதை மறுபடி திருத்தினார், அவர் எழுதியதே சரி. மொத்தம் இரண்டு பக்கம். துறைத்தலைவரிடம் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. வேலை வாய்ப்புக்கு விடை எழுத இம்மாத இறுதிவரை நேரம் இருக்கிறது.