ஐம்பதுக்கு மேல் குரலைக் காப்பாற்ற அக்காவின் டிப்ஸ்

"போனை எடுத்து ஹலோன்னு சொன்னா, 'சார், மேடம் இருக்காங்களா'ன்னு கேக்கறாங்கக்கா." ஐம்பதைத் தாண்டிய தங்கைகள் பல பேர் என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்கள். அப்பாக்களின் கதை வேறு. ஒரு காலத்தில் தெருமுனை வரை கேட்ட குரல் மெலிந்துபோய், பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. நாளடைவில் பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடக் கூடாது. வயதோடு குரல் மாறுவது இயற்கைதான். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதியைப் பழக்கத்தாலும் பயிற்சியாலும் சமாளிக்கலாம். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கவனிக்காமல் இருந்தால், உள்ளே இருக்கும் நோய் ஒன்று தப்பிவிடவும் கூடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி இறங்குகிறதே, அதுதான் குரல்வளை. அதற்குள் இரண்டு குரல்நாண்கள். பெண்களுக்கு அவை இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. நாம் பேசும்போது நுரையீரலிலிருந்து வரும் காற்றில் இவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. பெண் குரலென்றால் நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண் குரலென்றால் 100 முதல் 125 முறை.

வயது ஏற ஏற, குரல்வளையின் குருத்தெலும்புகள் கெட்டிப்பட்டு எலும்பாக மாறத் தொடங்கும். குரல்நாணுக்குள் இருக்கும் தசை மெலியும். மேலே இருக்கும் மிருதுவான படலம் நெகிழ்வை இழக்கும். ஈரப்பதம் தரும் சுரப்பிகளும் முன்புபோல் சுரக்காது. மெலிந்த நாண்கள் நடுவில் வளைந்து, முழுதாகச் சேராமல் நிற்கும். சரியாகப் பொருந்தாத ஜன்னல் கதவின் இடுக்கில் காற்று புகுந்து வருவதுபோல, பேசும்போது அந்த இடைவெளியில் காற்று வீணாகக் கசியும். அதனால்தான் குரலில் காற்று கலந்து ஒலிக்கிறது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துபோகிறது. சாயங்காலமானால் தொண்டை வலிக்கிறது.

மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, நாண்கள் கொஞ்சம் தடித்துவிடும். குரல் இறங்கிக் கனமாகும். "சார்" என்று கூப்பிடுவதற்கு இதுதான் காரணம். ஆண்களுக்கு நேர்மாறு. தசை மெலிவதால் அறுபது, எழுபதுக்கு மேல் குரல் ஏறி மெல்லிசாகும். இரண்டுமே சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம்.

1. தினமும் வாய்விட்டுப் படியுங்கள்

பயன்படுத்தாத தசை மெலியும், குரல்தசையும் அப்படித்தான். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் டிவி மட்டும் என்று இருக்கும் பெரியவர்கள் ஒரு நாளில் பேசுவதே சில வார்த்தைகள்தான். தினமும் காலையில் 10 நிமிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திருவாசகமோ, பைபிளோ, குர்ஆனோ, அன்றைய பேப்பரோ, எதுவானாலும் சரி. நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்ச் சுவரோரம் இருப்பவருக்குக் கேட்கும் அளவில், கத்தாமல் படிக்க வேண்டும். பேரப்பிள்ளைக்குக் கதை சொன்னால் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

2. டம்ளரும் ஸ்ட்ராவும்

குரல் பயிற்சியாளர்கள் உலகம் முழுக்கச் சொல்லித்தருவது இது. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு விரற்கடை இறங்கும்படி வையுங்கள். உதட்டால் ஸ்ட்ராவைக் கவ்விக்கொண்டு, முதலில் வெறுமனே ஊதிக் குமிழி விடுங்கள். குமிழி சீராக வந்ததும், ஊதிக்கொண்டே "ஊ..." என்று சத்தம் கொடுங்கள். கன்னமும் தோளும் தளர்வாக இருக்கட்டும். அடுத்து, அதே "ஊ"வைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். குமிழி நடுவில் நின்றுபோனால் மூச்சு சீராக வரவில்லை என்று அர்த்தம்; மெதுவாக மறுபடி தொடங்குங்கள்.

ஸ்ட்ராவின் குறுகலான வழியால் காற்று கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தம் நாண்களைத் தாங்கிக்கொள்வதால் அவை அடித்து மோதாமல் இதமாக அதிர்கின்றன. காலையில் இரண்டு நிமிடம், மத்தியானம் இரண்டு நிமிடம் போதும். தொண்டை இறுகினாலோ வலித்தாலோ நிறுத்திவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

3. தண்ணீர், கஷாயம், பனங்கற்கண்டு

நாம் குடிக்கும் எதுவும் குரல்நாணை நேராகத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும்! குடித்த தண்ணீர் ரத்தத்தில் கலந்து, உள்ளிருந்துதான் நாண்களை நனைக்கிறது. அதனால் தொண்டை கட்டியபின் மடமடவென்று குடிப்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே பலன் தரும். வயதானால் தாகமே தெரியாது. பக்கத்தில் ஒரு சொம்பு வைத்துவிடுங்கள். இதயம், சிறுநீரகத் தொல்லைக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன அளவுதான்.

மிளகுப் பாலும் சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம், குடியுங்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பனங்கற்கண்டும் சர்க்கரைதான். அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால், அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆவி பிடிக்க வெறும் தண்ணீரே போதும். கை நடுங்கும் பெரியவர்கள் முன் கொதிக்கும் பாத்திரத்தை வைக்காதீர்கள், சூடு பட்டுவிடும்.

4. செருமாதீர்கள்

"க்கும்... க்கும்..." என்று செருமும்போது நாண்கள் பலமாக மோதிக்கொள்கின்றன. அதனால் இன்னும் சளி சுரக்கும், மறுபடி செருமத் தோன்றும். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள். ஒரு வாரம் கூட இருப்பவர்கள் நினைவூட்டினால் பழக்கம் தானாகக் குறையும். தொண்டை கட்டும்போது கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. பலருக்கு அது குரல்வளையை இன்னும் இறுக்கும். மெல்லிய சொந்தக் குரலில் பேசுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள்.

5. இரைச்சலோடு போட்டி போடாதீர்கள்

மிக்ஸி ஓடும்போது சமையலறையிலிருந்து ஹாலுக்குக் கத்துவது, டிவி சத்தத்துக்கு மேல் பேசுவது, மாடியிலிருந்து கீழே கூப்பிடுவது எல்லாம் நம் வீட்டில் அன்றாடம். மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்குக் காது மந்தமானால், மனைவியின் தொண்டைதான் முதலில் கட்டும். நாள் முழுக்க அவருக்காகக் கத்திக் கத்தி, அறுபதைத் தாண்டிய குரல் களைத்துப்போகும். அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுப்பது இவர் குரலுக்கும் வைத்தியம்.

6. பாடுகிறவர்கள் கட்டையை இறக்குங்கள்

நவராத்திரி கொலுவில் "மாமி, ஒரு பாட்டு பாடுங்கோ" என்றால், "என் குரல் போயிடுத்தும்மா" என்று மறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் கவனித்தால் தெரியும்: கல்யாணத்துக்கு முன்பு 5 கட்டையில் பாடிய அதே சுருதியை இப்போதும் பிடிக்கப் பார்ப்பார்கள். மேல் ஸ்தாயியில் குரல் உடையும், கூச்சத்தில் நிறுத்திவிடுவார்கள். போனில் இருக்கும் சுருதிப்பெட்டி ஆப்பில் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிப் பாடச் சொல்லுங்கள். அதே பாட்டு சௌகரியமாக வரும். மேடை வித்வான்களும் வயதுக்கேற்பச் சுருதியை இறக்கிக்கொள்வது உண்டு. 1908-ல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறைத் தொட்ட வயதிலும் பாடினார். வயது பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை.

7. ராத்திரிச் சாப்பாடும் மாத்திரைகளும்

காலையில் எழுந்ததும் குரல் கரகரக்கிறதா, தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் இருக்கிறதா? வயிற்று அமிலம் மேலேறி வருவதும் ஒரு காரணமாக இருக்கலாம். படுப்பதற்கு 2, 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். கட்டிலின் தலைப்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களில் சிலருக்குக் குரல் கம்மும். ஒவ்வொரு முறையும் எடுத்தபின் வாய் கொப்பளித்து, தொண்டை வரை தண்ணீர் விட்டுத் துப்ப வேண்டும். ஸ்பேசர் என்னும் குழாயை வைத்து எடுக்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். சளி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை போன்றவை தொண்டையை உலர்த்தும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று கேளுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எந்த வயதிலும் வேண்டாம். மூடிய அறையில் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணிப் புகையும்கூடத் தொண்டையை உறுத்தும்.

8. மூச்சைக் கவனியுங்கள்

குரலுக்கு எரிபொருள் மூச்சு. தினசரி நடை நெஞ்சுக்கூட்டுக்கு நல்லது. நீளமாகப் பேசாமல், ஒரு மூச்சுக்கு ஐந்தாறு சொற்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை: நன்றாக மூச்சிழுத்து, சாதாரணக் குரலில் "ஆ..." என்று எவ்வளவு நேரம் சொல்ல முடிகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று முறை சொல்லி, நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப 10 நொடிக்குள் அறுந்துபோனால், நாண்கள் சரியாகச் சேரவில்லையா, நுரையீரல் பலம் குறைந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

* சளி, காய்ச்சல் போனபின்னும் கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. குரல்நாண் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தக் கரகரப்புதான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும்.
* கழுத்தில் கட்டி, விழுங்கக் கஷ்டம், காதுவரை இழுக்கும் வலி, சளியில் ரத்தம் இருந்தால் நாள் பார்க்காதீர்கள்.
* குரல் மெலிந்து ஒரே சுரத்தில் வருகிறது, கை நடுங்குகிறது, கையெழுத்தும் சிறுத்துவிட்டது என்றால் பார்க்கின்சனாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். பார்க்கின்சன் உள்ளவர்களில் பலருக்குத் தங்கள் குரல் மெலிந்ததே தெரியாது; நாம்தான் சொல்ல வேண்டும்.
* திடீரென்று பேச்சு குழறி, வாய் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு விடவே திணறினாலும் அப்படியே.

ஈ.என்.டி. டாக்டர் மெல்லிய கேமராவை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விட்டு நாண்களைப் பார்ப்பார். சில நிமிட வேலை. வயதால் வந்த மெலிவுதான் என்று உறுதியானால், முதலில் ஸ்பீச் தெரபிஸ்ட் தரும் பயிற்சி. அது போதாதவர்களுக்கு நாணில் ஊசி மருந்து செலுத்திப் பருமனாக்குவார்கள். சில மாதங்கள் தாங்கும். நிலையான தீர்வாக, கழுத்தில் சிறிய கீறல் போட்டு நாணை நடுப்பக்கம் நகர்த்தி வைக்கும் ஆபரேஷனும் உண்டு. ஜப்பானிய டாக்டர் நோபுஹிகோ இஷிகி 1974-ல் விவரித்த முறை அது. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நோயாளியைப் பேசவைத்துக் கேட்டுக்கொண்டே குரலைச் சரிசெய்வார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

அம்மா மெதுவாக ஏதோ சொல்லும்போது "என்னம்மா, கேக்கலை, சத்தமா சொல்லு" என்று சமையலறையிலிருந்து அதட்டாதீர்கள். எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்ல வந்ததை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். பல்செட் ஆடினால் சரிசெய்து கொடுங்கள். பாதிச் சொற்கள் அதிலேயே தெளிவாகிவிடும். குரல் எட்டவில்லை என்பதால் பேச்சை நிறுத்திக்கொள்ளும் பெரியவர்கள், மெல்ல மெல்ல மனிதர்களிடமிருந்தும் விலகிப்போகிறார்கள். அதுதான் பெரிய இழப்பு.

ஆகவே தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மாமியார், மாமனார் எல்லாரையும் உட்கார வைத்து "ஆ..." சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் சொல்லிப் பாருங்கள். யாருக்காவது 3 வாரமாகக் கரகரப்பு இருந்தால், திங்கட்கிழமையே ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.