இல்னஸ் வேறு, டிஸெபிலிட்டி வேறு

அன்பு மருமகளுக்கு,

சைக்காலஜி வகுப்பில் கொடுத்த ஆங்கிலச் சொற்களை அனுப்பி, "எல்லாம் ஒரே அர்த்தம்தானே மாமா, எதற்கு இத்தனை?" என்று கேட்டிருந்தாய். வேறு ஊர்ப் பிள்ளை கேட்டிருந்தால் அகராதியைப் பார் என்று சொல்லியிருப்பேன். ஏர்வாடிப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இந்தச் சொற்கள் குழம்பினால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்த ஊர் இது.

முதலில் 'மென்டல் இல்னஸ்', 'இன்டலெக்சுவல் டிஸெபிலிட்டி' இரண்டையும் எடுத்துக்கொள். முன்னது நோய். படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்திக்கொண்டிருப்பவருக்கும் வரும். ஆளில்லாத அறையில் குரல் கேட்கும், தூக்கம் போகும், பெற்ற தாய் வைக்கும் சோற்றையே சந்தேகப்படுவார். மருந்தில் தணியும், சிலருக்குத் திரும்ப வரும். பின்னது அறிவு வளர்ச்சியில் உள்ள குறைபாடு. பிறவியிலோ சிறு வயதிலோ தொடங்குவது. அந்தக் குறைபாட்டைப் போக்க மாத்திரை கிடையாது. சட்டைக்குப் பொத்தான் போட, காசு எண்ண, பஸ் ஏறப் பொறுமையாகப் பழக்க வேண்டும். நோயாளிக்கு மருத்துவர் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும். நம் தெருவிலோ இருவரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

தெருவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1912ஆம் ஆண்டின் சட்டத்திலேயே 'லூனடிக்' என்றால் 'இடியட்' அல்லது சித்தம் சரியில்லாதவர் என்றுதான் விளக்கம் இருந்தது. இரண்டு பேரையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட்டார்கள். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்தான் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்ற விளக்கத்திலிருந்து விலக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1993இல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவே என்று குழம்பாதே. மனநோயால் இயலாமை வந்தவருக்கும் உரிமையும் உதவியும் உண்டு என்பதற்காகச் சேர்த்தது அது. அங்கேயும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

அடுத்தது 'அசைலம்'. கிரேக்க வேரில் அதற்கு, யாரும் கைவைத்துப் பிடித்துப் போக முடியாத இடம் என்று பொருள். வேறு நாட்டில் தஞ்சம் கேட்பவர்களுக்கு இன்றும் இதே சொல்தான். நம் ஏர்வாடியில் உள்ள சுல்தான் சையது இப்ராகீம் ஷஹீது பாதுஷா தர்காவுக்கு எல்லா மதத்தாரும் மனநோய் கண்ட தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்தது இந்தப் பொருளை நம்பித்தான். ஆனால் பிரிட்டிஷ் காலத்தில் 'லூனடிக் அசைலம்' என்றால் வெளியே பூட்டுத் தொங்கும் கட்டடம். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய கொட்டகைகள் இந்த இரண்டாவது வகை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படியொரு ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது; இங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. நீ பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

'ரெஸ்ட்ரெயின்ட்', 'செக்லூஷன்', 'செயினிங்' மூன்றையும் நீ அடைப்புக்குறிக்குள் ஒன்றாகப் போட்டிருக்கிறாய். பிரித்து எழுது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்கிறது, 95ஆம் பிரிவில். தனியறையில் அடைப்பதும் கூடாது, அது 'செக்லூஷன்'. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, சிறிது நேரம் அசையாமல் பிடித்து வைக்கலாம், அதுதான் 'ரெஸ்ட்ரெயின்ட்'. தண்டனையாகச் செய்யக் கூடாது. ஆள் போதவில்லை என்றும் செய்யக் கூடாது.

கடைசியாக 'கியூர்', 'ட்ரீட்மென்ட்'. ஏர்வாடிக்கு வரும் குடும்பங்கள் கேட்பது முதலாவது. மருத்துவர் தருவது இரண்டாவது. சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்கள், மனநோய்க்கு மட்டும் ஒரே மாதத்தில் முழுக் குணம் எதிர்பார்த்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தர்காவிலேயே சிகிச்சை கிடைக்க அரசு தொடங்கிய திட்டத்துக்கு 'தவா-துவா' என்று பெயர் வைத்தார்கள், மருந்தும் பிரார்த்தனையும். நல்ல ஏற்பாடு. துவாவை விடச் சொன்னால் பிள்ளையை அழைத்து வரும் தாய் மருந்தையும் வாங்காமல் போய்விடுவாள்.

லீவில் வரும்போது தர்காவில் ஒரு காலைப்பொழுது போய் உட்கார். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவையும் 95ஆம் பிரிவையும் படித்துவிட்டு வா. மீதிச் சொற்களை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
மாமா